பட்டையை எந்தப் பக்கம் வைப்பது

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரூல்ஸ். தும்மல் வந்தால்கூட விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அனுமதி வந்த பிறகுதான் தும்முவார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. எங்கே எந்த மெஷின் படுத்துக்கொண்டாலும் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்து நிற்பார். வந்ததும் முதலில் கேட்பது, "கம்ப்ளெய்ன்ட் எழுதிப் போட்டாச்சா?" என்றுதான். எழுதிப் போடாவிட்டால் மெஷின் கண்ணெதிரே எரிந்தாலும் தொட மாட்டார்.

அவர் மனைவி அதே ஆஸ்பத்திரியில் பதிவுக் கவுண்டரில் இருந்தார். அவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். வயதில் மூத்த டாக்டர்கள்கூட அக்கா என்றுதான் சொல்வார்கள். நான் எதிரே ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் மருந்தாளுநர். என் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அக்காவின் கவுண்டர் நேரே தெரியும். இந்த இருவரின் கதை எனக்குத் தெரிய வந்ததில் பாதி அந்தக் கண்ணாடி வழியாக, மீதி அக்காவின் வாய் வழியாக.

முதலில் வேலைக்கு வந்தது அக்காதான். ரூல்ஸ் அப்போது ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடையை மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் வீட்டில் சும்மா இருந்தார். அப்போதிருந்த நிர்வாகியிடம் அக்கா போய் நின்று, "வீட்டுக்காரருக்கு இந்த வேலை நல்லா தெரியும் சார், ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். பார்த்தார்கள், பிடித்துப் போயிற்று, எடுத்துக்கொண்டார்கள். வேலையில் கெட்டிக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஆனால் சேர்ந்த முதல் நாளே எங்கள் கேஷியர் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பிரிவிலும், "இவர் நம்ம அக்கா வீட்டுக்காரர்" என்று அறிமுகம் செய்து வைத்தார். கேஷியர் கெட்ட மனுஷர் கிடையாது. வாயில் எந்நேரமும் ஏதாவது ஒன்றை மென்றுகொண்டிருக்க வேண்டும், ஒன்றும் கிடைக்காவிட்டால் மனிதர்களை மெல்வார். அந்த அறிமுகம் ஒட்டிக்கொண்டது. சர்வர் ரூமில் வியர்க்க விறுவிறுக்க உழைத்துவிட்டு வெளியே வந்தாலும் அவர் அக்கா வீட்டுக்காரர்தான். பிறகு ரூல்ஸ் என்ற பெயர் வந்தபோது அவர் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்வேன். குறைந்தபட்சம் அது அவருடைய சொந்தப் பெயர்.

அன்றிலிருந்து அவர் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். அக்காவுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அக்காவின் பிரின்டர் பழுதானால் கடைசியாகத்தான் பார்ப்பார். புது நாற்காலிகள் வந்தபோது பழைய நாற்காலி அக்காவுக்கு. மதியம் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார மாட்டார். அக்கா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். "வெளியில யாருன்னே தெரியாத மாதிரி போவாரு. வீட்டுக்கு வந்ததும் சாக்ஸ் எங்கன்னு கேப்பாரு" என்பார்.

அக்கா ஒருமுறை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிளேட் வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, கை கூடவில்லை. விரல்களில் பாதி உணர்வு போய்விட்டது. மணிக்கட்டை ஓர் அளவுக்கு மேல் திருப்ப முடியாது. விடுப்பு முடிந்து திரும்பி வந்தவர் மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு இடது கையால் பழகினார். கொஞ்ச நாள் தடுமாறினார், அப்புறம் பழைய வேகத்துக்கே வந்துவிட்டார். வரிசையில் நிற்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய கம்ப்யூட்டர்களில் அது முடிந்தது.

பிறகுதான் ஆஸ்பத்திரி முழுக்கப் புது மெஷின்கள் வந்தன.

புது மெஷின்களில் டாக் என்று ஒன்று இருந்தது. திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக வரிசை கட்டி நிற்கும். ஒரு படத்தை அழுத்தினால் நோயாளி பதிவு திறக்கும், இன்னொன்றை அழுத்தினால் பில், இன்னொன்றில் பரிசோதனை முடிவுகள். நாங்கள் அதைப் பட்டை என்றோம். அந்தப் பட்டை கீழே இருக்கலாம், இடதில் இருக்கலாம், வலதில் இருக்கலாம். எப்போதும் கண்ணில் தெரியலாம், அல்லது ஒளிந்திருந்து அம்புக்குறி ஓரத்தில் போய் முட்டினால் மட்டும் எழுந்து வரலாம். படங்கள் பெரிதாக இருக்கலாம், சின்னதாக இருக்கலாம். ஒரே மெஷினில் மூன்று ஷிஃப்ட் ஆட்கள் மாறி மாறி உட்காருவதால் ஆளுக்கொரு விதமாக இழுத்து வைத்துக்கொள்ள விட முடியாது, ஆஸ்பத்திரி முழுக்க ஒரே டீஃபால்ட், அதாவது ஒரே அமைப்புதான் இருக்க வேண்டும் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அதை முடிவு செய்யும் பொறுப்பு ரூல்ஸிடம் வந்தது. "உங்க இஷ்டம். ஆனா யாரும் வந்து என்கிட்ட குறை சொல்லக் கூடாது" என்றாராம் நிர்வாகி.

ரூல்ஸ் அந்த வேலையை ரொம்ப ஒழுங்காகச் செய்தார். அதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வரும். ஒவ்வொரு பிரிவிலும் போய் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். யார் எதை அதிகம் திறக்கிறார்கள், எங்கே தேடுகிறார்கள், எங்கே நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். என் கடையிலும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு மெஷினை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார், அதற்கும் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு.

சாப்பாட்டு மேஜையில் மெஷினை வைத்து இருவரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பட்டையைக் கீழே வைத்து அக்காவை வேலை செய்யச் சொல்வது, இடதில் வைத்துச் செய்யச் சொல்வது, படத்தைப் பெரிதாக்குவது, இடைவெளி விடுவது. பதிவு செய்யும் படிவம் நீளமானது, சேமிக்கிற பட்டன் அடியில் இருக்கும், பட்டையும் அடியில் இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தது அக்கா. திரை அகலமாக இருப்பதால் இடது பக்கம் நிறைய இடம் வீணாகக் கிடக்கிறது, பட்டையை அங்கே எப்போதும் தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று முடிவுக்கு வந்தது இருவரும் சேர்ந்து. இன்னொன்றையும் அக்கா அழுத்திச் சொன்னார். பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு இரண்டுக்கும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

அந்த வாரங்களில் அக்காவின் முகமே வேறு மாதிரி இருந்தது. மருந்துக் கடைக்கு வந்து நின்று முந்தின நாள் சண்டையை எல்லாம் சொல்வார். பில் படம் மேலே வர வேண்டுமா, பதிவு படம் மேலே வர வேண்டுமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க வாக்குவாதம். "கல்யாணமான புதுசுலகூட இவர் இப்படிப் பக்கத்துல உக்காந்து நான் சொல்றதைக் கேட்டதில்ல" என்றார்.

சில கவுண்டர்களில் சோதனைக்காக இடது பக்கப் பட்டையைப் போட்டார் ரூல்ஸ். பெரிய படங்கள், நல்ல இடைவெளி. எல்லோருக்கும் பிடித்தது. முதல் நாள் முனகியவர்கள்கூட மறுநாள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பொருள் சரியாக இருக்கிறது என்பதற்கு எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அப்புறம் கேன்டீனில் அந்தப் பேச்சு நடந்தது.

கேஷியர் வழக்கம்போல ஒரு மேஜையைச் சுற்றி ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தார். பேச்சு பட்டை பக்கம் திரும்பியது. ஏன் எல்லாரும் கீழே வைக்கிறதை இவர் மட்டும் இடதில் வைக்கிறார் என்று யாரோ கேட்டார்கள். கேஷியர் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டம்மாவுக்கு இப்ப இடது கைதானே. பொண்டாட்டி கை திரும்பின பக்கம் ஆஸ்பத்திரியையே திருப்பிட்டாரு மனுஷன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. தூணுக்குப் பின்னால் ரூல்ஸ் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். அவர் கிளாஸை மெதுவாகத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. வெளியே போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை வந்து மெஷினைப் போட்டால், எல்லாவற்றிலும் பட்டை கீழே போயிருந்தது. ஒளிந்துகொண்டிருந்தது. அம்புக்குறியைத் திரையின் அடி ஓரம் வரை தள்ளி அங்கேயே பிடித்து வைத்திருந்தால்தான் எழுந்து வரும். படங்கள் பொடிப்பொடியாக இருந்தன. அம்புக்குறி கிட்டே போனால் அந்தப் படம் உப்பிப் பெரிதாகும், பக்கத்தில் இருப்பவை நகர்ந்து வழிவிடும். மெஷின் செய்த கம்பெனி கொடுத்தபடியே அப்படியே விட்டிருந்தார். படங்களின் வரிசை, ஆஸ்பத்திரியின் பிரிவு எண் என்னவோ அதன்படி. பிறப்பும் இறப்பும் ஒரே பிரிவு, அதனால் அடுத்தடுத்து. யாரும் எதையும் மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை அக்கா எனக்கு அப்படியே சொன்னார்.

"ஏன் மாத்தினீங்க?"

"கம்பெனி குடுத்த மாதிரியே வெச்சுட்டேன். இதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"எனக்குக் கை வராதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"உன் ஒருத்திக்காக ஆஸ்பத்திரி முழுக்க மாத்த முடியுமா?"

"என் கவுண்டர்ல மட்டும் அந்தப் பூட்டை எடுத்து விடுங்க. நானே இழுத்து வெச்சுக்கறேன்."

"உனக்கு எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும்."

"எல்லாருக்கும் எடுங்களேன்."

அவர் எழுந்து பல் தேய்க்கப் போய்விட்டாராம்.

கேஷியர் சொன்னதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான்தான் பிறகு அக்காவிடம் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என் மேஜையில் கிடந்த மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். "ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொன்ன பேச்சுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

வலது கைக்காரர்களும் ஆரம்பத்தில் அந்தப் பட்டையைத் திட்டித் தீர்த்தார்கள். படிவத்தின் அடியில் சேமிக்கப் போனால் பட்டை துள்ளிக்கொண்டு வந்து பட்டனை மறைக்கும். விலக்கினால் போகும், மறுபடி போனால் மறுபடி வரும். ஆனால் நல்ல கை இருப்பவர்களுக்குச் சீக்கிரம் ஒரு லாவகம் வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. இடது கையால் அடி ஓரம் வரை தள்ளி அங்கேயே நிறுத்தினால் கை நடுங்கும். பட்டை எழும். சரியான படத்துக்குப் போவதற்குள் அது உப்பி நகர்ந்து வேறு ஒன்று அடியில் வந்து நிற்கும். வலது கையைத் துணைக்குக் கொண்டுவந்தால் மணிக்கட்டு சுளீரென்று இழுக்கும். கண்ணாடி வழியாக நான் பார்ப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏதோ பாம்புப் புற்றில் கை விடுகிறவர் மாதிரி மெல்ல மெல்ல அம்புக்குறியைக் கீழே இறக்குவார்.

வரிசை நீண்டது. அவர் முன்னால் நிற்கிறவர்கள் பொறுமை இழந்து பக்கத்துக் கவுண்டருக்குத் தாவினார்கள். அக்கா காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து காலி ஹாலில் தனியாக உட்கார்ந்து பழகிப் பார்த்தார். அப்படியும் சரிவரவில்லை. பக்கத்துக் கவுண்டரில் ஏதாவது கோளாறு என்றால் ரூல்ஸ் தானே வருவார். அக்காவின் கவுண்டருக்கு மட்டும் உதவியாளரை அனுப்புவார். தாண்டிப் போகும்போது கழுத்தைக்கூடத் திருப்ப மாட்டார்.

கடைசியில் அக்கா கேட்டபோது, முறைப்படி எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றிருக்கிறார். அக்கா எழுதினார். கட்டின புருஷனுக்கு, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, பதிவுப் பிரிவுக் கண்காணிப்பாளர் வழியாக ஒரு விண்ணப்பம். ரூல்ஸ் அதைப் பரிந்துரை எதுவும் செய்யாமல், 'தக்க நடவடிக்கைக்காக' என்று நிர்வாகியின் மேஜைக்கு அனுப்பிவிட்டார். அது அங்கே போய்ப் படுத்துக்கொண்டது.

எது நடக்கக் கூடாது என்று அக்கா சொன்னாரோ அது மழை பெய்த ஒரு நாள் நடந்தது. ஹால் முழுக்கக் கூட்டம், ஈரக் குடைகள், அழுகிற பிள்ளைகள். முதல் குழந்தை பிறந்த ஒரு இளம் தகப்பன் வந்து நின்றான். கண்ணில் தூக்கம் இல்லை, முகத்தில் சிரிப்பு மட்டும் அழியாமல் இருந்தது. பிறப்புப் பதிவுக்குப் பெயர் கொடுத்தான். அக்கா பட்டையை எழுப்பினார், படம் நகர்ந்தது, அழுத்தினார். இரண்டு படிவமும் ஒரே அச்சு. பெயர், தாய், தகப்பன், வார்டு, தேதி என்று எல்லாம் ஒரே இடத்தில். பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அடித்து, அச்சு எடுத்து, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்.

அவன் படித்தான். தலைப்பில் 'இறப்பு' என்று இருந்தது, கீழே இறந்தவர் என்ற இடத்தில் அவன் குழந்தை.

அவன் கத்தவில்லை. தாளை மறுபடி படித்தான். அப்புறம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே மாடிப் படியை நோக்கி ஓடினான். செருப்பு ஒன்று என் கடை வாசலில் கழன்று கிடந்தது. அக்காவுக்கு என்ன நடந்தது என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் எழுந்து அவரும் ஓடினார். மேலே குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மனைவி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவன் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்து, தப்பு என்னுடையது, என்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

அவன் மாமனார் புகார் கொடுத்தார். விசாரணை வைத்தார்கள். ஊழியர்கள் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். நீள மேஜை. ஒரு முனையில் நிர்வாகி. நடுவில் அக்கா. எதிரே, தொழில்நுட்ப விளக்கம் சொல்ல, ரூல்ஸ்.

நிர்வாகி மனசார ஒரு வழி திறந்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். அக்காவை அவருக்குப் பிடிக்கும். ரூல்ஸைப் பார்த்துக் கேட்டார்:

"இந்தப் பட்டை இப்படி இருக்கறதால தப்பு நடக்க வாய்ப்பு இருக்கா?"

ரூல்ஸ் முன்னால் இருந்த தாளை நேராக்கி வைத்தார்.

"மத்த கவுண்டர்லயும் இதே அமைப்புதான் சார். அங்கல்லாம் இந்தத் தப்பு நடக்கலை."

"அப்ப?"

"ஆளைப் பொறுத்தது சார்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மற்ற கவுண்டர்களில் நடக்கவில்லைதான். நிர்வாகி பெருமூச்சு விட்டு அக்கா பக்கம் திரும்பி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"பிறப்பையும் இறப்பையும் பக்கத்துல வைக்க வேண்டாம்னு நான் முதல்லயே சொல்லியிருந்தேன் சார்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

அக்கா எதிரே பார்த்தார். ரூல்ஸ் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் மனசுக்குள், ஐயா, ஒரு வார்த்தை பேசு, ஆமாம் என்று மட்டும் சொல்லு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"வீட்ல" என்றார் அக்கா.

"வீட்ல பேசறதெல்லாம் இங்க வராதும்மா" என்றார் நிர்வாகி.

அக்காவைப் பதிவுக் கவுண்டரிலிருந்து எடுத்து, பின்கட்டில் இருந்த பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், கைக்கு ஓய்வாக இருக்கும் என்று கருணையோடுதான் மாற்றினார்கள். அங்கே அலமாரியிலிருந்து கட்டுக் கட்டாகக் கோப்புகளை இழுத்து இறக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலமே எல்லா மெஷினிலும் பிறப்புப் படம் ஒரு முனைக்கும் இறப்புப் படம் மறுமுனைக்கும் போய்விட்டன. நிறமும் மாறியிருந்தது. யார் மாற்றச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. ரூல்ஸும் யாரிடமும் சொல்லவில்லை. கேஷியர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த இளம் தகப்பன் கொஞ்ச நாள் கழித்துக் குழந்தைக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தான். கவுண்டரில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான், அந்த அம்மாவை என்ன செய்தார்கள் என்று. சொன்னேன். "நான் அப்படி எதுவும் கேக்கலையேங்க" என்றான். மருந்தை எத்தனை சொட்டு விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அக்கா கோப்பு அறையில் அதிக காலம் தாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டார். பிரிவுபசாரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். வீட்டில் சண்டை எதுவும் இல்லையாம். சமைத்தார், துவைத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். பேச்சு மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பாடு வெச்சிருக்கேன். தண்ணி வரலை. கேஸ் தீர்ந்துபோச்சு. ரூல்ஸ் ஒருமுறை விசாரணைப் பேச்சை எடுத்து, நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று ஆரம்பித்தபோது, "ஆமா, உண்மையைத்தான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

அப்புறம் நிர்வாகி மாற்றலாகிப் போனார். புது நிர்வாகி வந்தார். வந்த வாரத்திலேயே ரூல்ஸைக் கூப்பிட்டு, இது என்ன, பட்டை ஓடி ஒளிந்து விளையாடுகிறது, எரிச்சலாக இருக்கிறது, இடது பக்கம் நிறுத்துங்கள், பெரிதாக எப்போதும் தெரிகிற மாதிரி வையுங்கள் என்றார். ரூல்ஸ் தம் அறைக்குப் போய் உட்கார்ந்து எல்லா மெஷினுக்கும் ஒரே கட்டளையில் மாற்றினார். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. கவுண்டர்களில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அப்புறம் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். "இப்பத்தான் கண்ணுக்கு லட்சணமா இருக்கு" என்றார் கேஷியர். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பழைய பேச்சு அவருக்கு ஞாபகமே இல்லை என்று நினைக்கிறேன். ஒரு குடும்பத்தையே கவிழ்த்துப் போட்ட வார்த்தை, சொன்ன ஆளிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

ரூல்ஸ் அதை வீட்டில் சொல்லியிருக்க வேண்டாம். எப்படியும் நான் போனில் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும், அதனால் முந்திக்கொண்டார் போலிருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, பட்டையை இடது பக்கம் மாற்றிவிட்டோம் என்றிருக்கிறார். அக்கா, யார் சொல்லி என்று கேட்டார். புது நிர்வாகி என்றார்.

"அவர் பொண்டாட்டி எந்தக் கவுண்டர்ல இருக்காங்க?" என்று கேட்டாராம் அக்கா.

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "என்ன சொல்வாரு? மோர் கேட்டாரு. ஊத்தினேன்" என்றார்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் வெளியூரில் கட்டிக்கொடுத்த அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. உதவிக்கு என்று அக்கா போனார். குழந்தை தவழ்கிற வரைக்கும் என்றார்கள். தவழ்ந்தது. நடக்கிற வரைக்கும் என்றார்கள். நடந்து, ஓடி, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. அக்கா வரவில்லை. பிரிந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. மகள் வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான். அங்கே ஒரு கண் டாக்டர் வீட்டோடு வைத்திருக்கும் கிளினிக்கில் வருகிறவர்களின் பெயரை எழுதி உள்ளே அனுப்பும் வேலை கிடைத்திருக்கிறது. போன் பண்ணும்போது கிளினிக் கதை சொல்வார், பேத்தி கதை சொல்வார். இந்தப் பக்கத்துப் பேச்சை எடுக்க மாட்டார். நான் எடுத்தால், "பால் கொதிக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார்.

ரூல்ஸ் ஓய்வு பெற்றபோது கூட்டம் போட்டார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவருடைய நேர்மையைச் சொன்னார்கள். சொந்த மனைவி என்றுகூடப் பார்க்காதவர் என்று, யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் புது நிர்வாகி படித்தார். கை தட்டினார்கள். ரூல்ஸ் எழுந்து கும்பிட்டார். ஏற்புரை சொல்லக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

இப்போதும் சர்க்கரை மாத்திரைக்காக என் கடைக்கு வருகிறார். பழைய ஊழியர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அவர் வெளியே வரிசையில்தான் நிற்பார். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தது போன தடவை. மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவர் நகரவில்லை.

"உங்ககிட்ட பேசுறாளா?" என்றார்.

பேசுகிறார் என்றேன்.

"நல்லா இருக்காளா?"

நன்றாக இருக்கிறார், நேற்றுகூடப் பேசினார், உள்ளே வந்து உட்காருங்கள் சார், சொல்கிறேன் என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"பின்னால ஆள் நிக்கிறாங்க. இவங்களை முதல்ல பாருங்க" என்று ஒதுங்கி வழிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் வாசலைத் தாண்டிப் போயிருந்தார்.